டப்பிங் படமும் வலது காதும்

எனக்கு டப்பிங் படம் பிடிக்கும். அதிலும் சண்டை, கோமாளித்தனம், கொஞ்சம் அசிங்கம் மூன்றும் கலந்து வருகிற படம் என்றால் உயிர். ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்கவிடும் போலீஸ்காரன் ஒருவன். அவனோடு ஒட்டிக்கொண்டு வாய் ஓயாமல் பேசும் திருடன் ஒருவன். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் நீச்சல் குளத்திலிருந்து எழுந்து வரும் பெண். கடைசியில் வெடிக்கப்போகும் ஒரு குண்டு. இவ்வளவு இருந்தால் போதும், நான் கதையெல்லாம் கேட்கமாட்டேன்.

இதைச் சொன்னால் கல்லூரியில் படிக்கும் என் மகள் முகத்தைச் சுளிக்கிறாள். "அம்மா, அந்தப் பொண்ணுக்குப் படத்துல இன்னா வேலை? சும்மா வந்து நனைஞ்சிட்டுப் போகுது. இதப் போய்ச் சிரிச்சிகினு பாக்குறியே" என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான், நான் மறுத்ததே இல்லை. குண்டான ஆளைக் கண்டால் கிண்டல், மாமியாரைக் கண்டால் கிண்டல், வயிற்றுப்போக்கு வந்தவனைக் கண்டால் அதைவிடக் கிண்டல். நூறு பேர் துப்பாக்கியோடு சுட்டாலும் கதாநாயகனின் சட்டைப் பொத்தான்கூடத் தெறிக்காது. எல்லாம் எனக்கும் தெரியும். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அந்தப் படங்கள் எனக்குச் சுற்றம் மாதிரி. என் கல்யாணம் ஒட்டிக்கொண்டதே அப்படி ஒரு உருப்படாத படத்தால்தான்.

நான் எண்ணூர்ப் பெண். எங்கள் வீடு கண்டெய்னர் லாரிகள் போகும் ரோட்டை ஒட்டி இருந்தது. லாரி போகாத நேரம் என்று ஒன்று கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் பேசுவது என்றால் கத்துவதுதான். உப்பு போட்டாயா என்று அம்மா கேட்பதே வெளியாட்களுக்குத் தெருச்சண்டை மாதிரி இருக்கும். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா கொடுத்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"போற வூட்ல கொரல தாழ்த்திப் பேசு. இங்க மாதிரி கத்திகினு கெடக்காத. மானம் போய்டும்."

போன வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. ஒற்றை அறை, சமையலுக்கு ஒரு மூலை, நடுவில் பழைய புடவையால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமியாரும் இரண்டு நாத்தனார்களும். இந்தப் பக்கம் அவரும் நானும். திரைக்கு இந்தப் பக்கம் ஒருவர் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கொட்டாவி வரும், அவ்வளவு நெருக்கம். அம்மா சொல்லாமல் விட்டிருந்தாலும் அந்த வீட்டில் நான் குரலைத் தாழ்த்தித்தான் இருப்பேன். தாழ்த்தித் தாழ்த்திக் கடைசியில் வெறும் கிசுகிசுப்பாகவே ஆகிவிட்டேன்.

அவருக்கு ஹார்பரில் சிப்பிங் வேலை. கப்பலின் உடம்பில் ஏறிய துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுக்கிற வேலை. கப்பலுக்கு உள்ளே தொட்டி மாதிரியான இடங்களில் இறங்கி, நாலைந்து பேர் ஒன்றாக நாள் முழுக்கத் தட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. ஆனால் பேச்சு மட்டும் வராது.

ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம். பூசையில் என்னை அவருக்கு இடப்பக்கம் நிறுத்தினார்கள். பெண் இடப்பக்கம் நிற்பதுதான் எங்கள் கோயில் வழக்கம். அன்று நின்ற பக்கத்திலேயே நான் நின்றுவிட்டேன். தெருவில் நடக்கும்போது இடப்பக்கம், சோறு போடும்போது இடப்பக்கம், படுப்பதும் இடப்பக்கம். பொண்டாட்டி என்றால் அப்படித்தான் என்று எனக்குள்ளேயே ஒரு எண்ணம்.

நான் எதைச் சொன்னாலும் அவர் "உம்" என்பார். நண்டு வாங்கலாமா, வஞ்சிரம் வாங்கலாமா என்று கேட்டாலும் "உம்". பக்கத்து வீட்டில் நடந்த ரகளையை அரை மணி நேரம் காதோரம் கிசுகிசுத்து முடித்தால் "சரி" என்று ஒரு வார்த்தை. சிலநாள் அதுவும் இருக்காது, திரும்பிப் படுத்துவிடுவார். அந்த வீட்டில் எல்லோரும் அவரைத் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்கள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படித் தொடுகிற உரிமை இன்னும் வரவில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்பியவர், என் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் குடங்களோடு பெண்கள். நான் எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என்னிய உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். "ரொம்பிடுச்சி பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குடம் நிரம்பித்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அன்று முழுக்க அடுப்புப் புகை மேல் பழியைப் போட்டு அழுதுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்களுக்கு விடுதலை. காலையில் பூசை, மதியம் கறிக்குழம்பு, சாப்பிட்ட கை காயும் முன்னே மாமியார் விரட்டுவார். "போங்க, ஒரு சினிமா பாத்துட்டு வாங்க. நாங்களும் கால நீட்டிப் படுக்க வேணாமா?" மாமியார் மனம் எனக்குப் புரியும். ஆனால் அவருடைய மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போன படங்கள்தான் புரியவில்லை. தெருவில் புதிதாகக் கல்யாணமான மற்ற ஜோடிகள் எல்லாம் காதல் படத்துக்குப் போவார்கள். நானும் காதல் படம் போகலாம் என்பேன். "உம்" என்பார். பஸ் நேராகத் திருவொற்றியூரில் டப்பிங் படம் மட்டுமே போடும் அந்தக் கொட்டகை வாசலில்தான் இறக்கிவிடும்.

முதல் படத்துக்கு உம்மென்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது படத்தில் விழுந்துவிட்டேன். காரணம் அந்தப் பேச்சு. நம் ஊர்ப் படங்களில் எங்கள் பாஷையை யார் பேசுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரவுடி பேசுவான், இல்லாவிட்டால் அடி வாங்குகிற காமெடியன் பேசுவான். இங்கேயோ ஆறடி வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கண்ணாடி மாளிகையின் மேல் நின்று, "இன்னா நைனா, ஏரியாவ கலீஜ் பண்றியா?" என்று கேட்கிறான். கொட்டகையே விசிலில் அதிர்ந்தது. நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு ஒரு பெரிய மனிதன் வாயில் வந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. உதடு ஒரு பக்கம் போக, வசனம் ஒரு பக்கம் போகும். யாருக்கு அதைப் பற்றிக் கவலை?

அப்புறம் அந்த அசிங்க வசனங்கள். எழுதியவன் யாரோ, அவன் வாயைக் கழுவவேண்டும். ஆனால் சிரிப்பு வருகிறதே, என்ன செய்வது? புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பேன். யாராவது ஏணியிலிருந்து விழுந்தால், கேக்கில் முகம் புதைந்தால், அவர் கொட்டகையில் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிடுவார். ஆனால் அந்த மாதிரி வசனம் வந்து கொட்டகையே உருளும்போது மட்டும், கோயிலில் இருக்கும் சுரூபம் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

நான் என்ன நினைப்பேன்? இவர் ரொம்ப யோக்கியர், நான் கெட்டுப்போனவள் என்று நினைத்தேன். சிரிப்பது பிடிக்கவில்லை, பேசுவது பிடிக்கவில்லை, மொத்தத்தில் என்னையே பிடிக்கவில்லை என்று முடிவுக்கு வந்தேன். தலைக் கிறிஸ்துமஸுக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். போனால் திரும்பி வரக்கூடாது என்று தீர்மானித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல புடவைகளை மட்டும் எடுத்துத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிறு. நல்ல மழை. அன்றும் மாமியார் விரட்டினார், குடை பிடித்துக்கொண்டு போனோம். அந்தக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை விழும் சத்தமே படத்தின் சத்தத்தோடு போட்டி போட்டது. போதாததற்கு நான் உட்கார்ந்த சீட்டுக்கு மேலே ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டாக என் தலையில் விழுந்தது. அவர் பார்த்துவிட்டு, தனக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த சீட்டைக் காட்டினார். நான் எழுந்துபோய் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

படத்தில் திருடனைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். சண்டையில் அவனுடைய பேன்ட் கிழிந்து எங்கேயோ போய்விட்டது. முன்பக்கத்தை ஒரு தொப்பியால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். வில்லன் துப்பாக்கியை நீட்டி, "கையத் தூக்குடா!" என்கிறான். திருடன் தொப்பியையும் பார்த்து வில்லனையும் பார்த்து, "தூக்குனா நீதான் பேஜாராய்டுவ நைனா!" என்கிறான்.

கொட்டகை ரகளையானது. பின்னால் ஒருவன் சீட்டைக் குத்திக் குத்திச் சிரித்தான். அப்போது அவர் என் பக்கம் சாய்ந்து, "இன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டுமென்றே கேட்கிறாரா? சோதித்துப் பார்க்கிறாரா? மழைச் சத்தத்தில் சத்தமாகச் சொல்லவேண்டி இருந்தது. "கையத் தூக்கமாட்டேன்னு சொல்றான்!" என்றேன்.

அவர் யோசித்தார். "இதுக்கா இவ்ளோ சிரிக்கிறானுங்க?" என்றார்.

அந்த முகத்தில் இருந்த நிஜமான குழப்பத்தைப் பார்த்ததும் என்னால் தாங்கமுடியவில்லை. வெட்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு, அவர் காதுக்குள் வாயை வைத்து, திருடன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். எண்ணூர்க் குரலில்.

ஒரு நொடி. அப்புறம் அவர் சிரித்தார். திரையில் அதற்குள் வேறு காட்சி, யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். கொட்டகையே அமைதியாக இருக்க இவர் ஒருவர் மட்டும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இடைவேளையில் சமோசா வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாங்காமல், "உங்களுக்குக் காது கேக்கலயா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தப் பக்கம் சுத்தமா போச்சி" என்று இடது காதைத் தொட்டார். "அந்தப் பக்கம் கத்துனா கேக்கும். சிப்பிங் பண்ணி பண்ணி அப்பிடி ஆய்ட்ச்சி. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலைக்கு வேணான்னுடுவான். பொண்ணு வூட்டுக்குச் சொன்னா பொண்ணு தரமாட்டாங்கன்னு அம்மா சொல்ச்சி. அப்பால சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீயும் ஒன்னும் கேக்கல."

"நான் கேக்கலயா?"

"நீதான் வாயே தொறக்க மாட்டியே. எனக்குப் பேசாத பொண்ணு கெடச்சிருக்குன்னு ஹார்பர்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்."

நான் பேசாத பெண்ணாம்! எண்ணூரில் யாராவது இதைக் கேட்டிருந்தால் விழுந்து புரண்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அதற்கு மேலே சிரிப்பு வந்தது. எது முதலில் வரவேண்டும் என்று தெரியாமல் சமோசாவை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். டப்பிங் படமாகவே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "இதுக்குக் காது வேணாம். உதை விழுந்தா கண்ணால பாத்துக்கலாம்" என்றார். காதல் படம் முழுக்கப் பேச்சு, அதில் உட்கார்ந்து என்ன செய்வது என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. திரையில் ஹெலிகாப்டர், கார், படகு, எல்லாம் ஒன்றோடொன்று மோதின. கூரையில் மழை. கொட்டகையில் விசில். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நான் அவருடைய வலது காதில் வாயை வைத்து, கல்யாணத்திலிருந்து சேர்ந்துபோனதையெல்லாம் கொட்டினேன். அந்த ஒற்றை அறை வீட்டில் எங்களுக்குக் கிடைக்காத தனிமை இந்த இரைச்சலில் கிடைத்தது. எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. குழாயடியில் குடம் நிரம்பிய கதைக்கு வந்தேன். அவர் முழித்தார். அன்று நான் குடத்தைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்க, வாங்க எல்லாம் காற்றில் போய்விட்டது. மூச்சை இழுத்து, முழுத் தொண்டையையும் திறந்தேன்.

அங்கே திரையில் குண்டு வெடிக்கப்போகிற நேரம். சிவப்பு ஒயரை அறுப்பதா, பச்சை ஒயரை அறுப்பதா என்று போலீஸ்காரன் கத்தியைப் பிடித்துக்கொண்டு வியர்க்கிறான். இந்த மாதிரி இடத்தில் படக்காரர்கள் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். இவனும் நிறுத்தினான். மழையும் அப்போது பார்த்து விட்டிருந்தது. கொட்டகை முழுக்க மூச்சுவிடாமல் இருந்தது.

"என்னியப் புடிச்சிருக்கா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு!"

என் குரல் நாலு சுவரிலும் முட்டித் திரும்பி வந்தது. நான் சீட்டுக்குள் புதைந்துபோனேன். ஒரு தலை பாக்கி இல்லாமல் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒருவர் சொன்னார், "அண்ணாத்த, அக்கா கேக்குதுல்ல? பதில சொல்லுபா!"

சத்தம் நின்றுபோனது அவருக்கு எங்கே தெரியும்? இன்னும் ஹெலிகாப்டர் ஓடுகிறது என்ற நினைப்பில், அவரும் என் காதில் முழு மூச்சாகக் கத்தினார்.

"புடிக்காமலா வாராவாரம் கூட்டினு வந்து சமோசா வாங்கித் தரேன்?"

அப்புறம் விழுந்த விசில் மாதிரி அந்தக் கொட்டகையில் எந்தக் கதாநாயகனுக்கும் விழுந்திருக்காது. போலீஸ்காரன் எந்த ஒயரை அறுத்தான், குண்டு வெடித்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு எண்ணூர் போனோம், இரண்டு பேருமாகப் போய் இரண்டு பேருமாகத் திரும்பி வந்தோம். பெட்டியின் அடியில் வைத்த புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டினேன். அவரோடு நான் பேசுவதைக் கேட்டுவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கொரல தாழ்த்திப் பேசுன்னு சொல்லித்தானடி அனுப்புனேன்?" தாழ்த்தியதில்தான், அம்மா, வினையே வந்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

ராயபுரம் வீட்டில் அதற்குப் பிறகு நான் கிசுகிசுக்கவே இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. முதல் ஞாயிறு பொறுத்துப் பார்த்த மாமியார், அடுத்த ஞாயிறு நாத்தனார்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தானே சினிமாவுக்குக் கிளம்பிவிட்டார். "நீங்க வூட்ல கெடந்து கத்துங்க, நாங்க போறோம்" என்றார். மாமியார் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். காதைப் பற்றி என்னிடம் மறைத்த பாரம் அவருக்கும் இருந்திருக்கிறது.

நாங்கள் போகிற ஞாயிறுகளில் அந்தக் கொட்டகையின் வாடிக்கைக்காரர்களுக்கு எங்களைத் தெரிந்துபோனது. வசனம் வரும், எல்லோரும் சிரிப்பார்கள், நான் அவர் காதில் சொல்வேன், அவர் தனியாகச் சிரிப்பார். "அண்ணாத்த சிரிச்சிட்டாரு, இப்ப ஓட்டு படத்த!" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும். எங்கள் வெட்கமெல்லாம் அங்கேதான் உதிர்ந்தது. வாய் கூசுகிற வசனத்தைப் புருஷன் காதில் சொல்லிப் பழகிய பிறகு, வீட்டில் சொல்லமுடியாத விஷயம் என்று எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆண்டின் கடைசி நாளில் கோயிலில் நன்றி வழிபாடு நடக்கும். ஒவ்வொருவரும் அவரவர் நன்றியை மனதுக்குள் சொல்லவேண்டும். நான் பிள்ளைக்காக, வீட்டுக்காக, அவருடைய வேலைக்காகச் சொல்வேன். கடைசியில், பெயர் தெரியாத அந்த வசனம் எழுதியவனுக்காகவும், ஓட்டைக் கூரைக்காகவும், சரியான நேரத்தில் சத்தத்தை நிறுத்திய படக்காரனுக்காகவும் சொல்வேன். எந்தப் படம் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

போன ஞாயிறு டிவியில் அதே ஜாதிப் படம் ஒன்று. மகள் தன் அப்பாவுக்கு ஒரு பக்கம், நான் மறுபக்கம். அவருக்கு இப்போது காதுக்கு மெஷின் வாங்கியிருக்கிறோம். கொய்யென்று கத்துகிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். ஒரு வசனம் வந்தது. முறைத்துக்கொண்டிருந்த மகளே பட்டென்று சிரித்துவிட்டாள்.

"இன்னா சொன்னான்?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் சிவந்துபோய், அவர் வலது காதுப் பக்கம் எட்டி, "ஒன்னும் இல்லப்பா, வண்டி ரிப்பேர்னு சொல்றான்" என்றாள்.

"இதுக்கா இவ்ளோ சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டு, வலது காதை என் பக்கம் திருப்பினார். நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். "அம்மா, ச்சீ!" என்று மகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். படம் விளம்பரத்துக்குப் போன பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் அவளிடம் என்னைக் காட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பேசாத பொண்ணுன்னு நெனச்சிகினு கெடந்தேன். ஏழு மாசம் வேஸ்ட்டாப் போச்சி."